நோன்பு என்று நான் எழுதிய எடைக் கார்டு

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

உங்கள் மேட்ரன் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டிருக்கீங்க, பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார். நரம்பு தேடுவது, டிரிப் ஏற்றுவது, கட்டுப் போடுவது எல்லாம் கற்றுக் கொடுத்துத்தான் உங்களை அனுப்பியிருப்பார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொதப்பிய கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒரே மனிதரிடம் இரண்டு முறை சொதப்பினேன். மூன்றாவது முறை செய்தது சரியா என்று தெரியாமல் நாலு நாள் தவித்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, கடைசிவரை படியுங்கள்.

அதற்கு முன்னால் கணையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், கையளவு நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது அது. நாம் சாப்பிடுகிற சோற்றையும் பருப்பையும் நெய்யையும் கரைக்கிற சாறு அதில்தான் ஊறுகிறது. சர்க்கரையை அடக்குகிற இன்சுலினும் அங்கிருந்துதான் வருகிறது. இத்தனை வேலையும் செய்துகொண்டு, நன்றாக இருக்கிறவரை ஒரு சத்தம் போடாது. ஏதோ ஒரு காரணத்தால் சாறு போகிற குழாய் அடைபட்டாலோ, குடியால் கெட்டுப்போனாலோ, சோற்றைக் கரைக்க வேண்டிய சாறு அதையே கரைக்க ஆரம்பித்துவிடும். தன்னைத் தானே தின்னும், அம்மாடி! அந்த வலியில் சுருண்டு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நெருப்பை ஒவ்வொருத்தரும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம், சண்டை போடுகிறோம், தூங்குகிறோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நான் கடைசியாக வேலை பார்த்தது செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இருபது படுக்கை, ஒரே டாக்டர். அவரை நாங்கள் 'சார்' என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நான் ரிடையராவதற்கு முந்திய வருஷம், ஆடி மாதம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை விதைக்கிற சமயத்தில், காலை பதினொரு மணிக்கு ஒருவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அனந்தபுரம் பக்கத்துக் கிராமம். ஐம்பத்தாறு வயது. முழங்காலும் முகமும் ஒட்டுகிற மாதிரி மடங்கிப்போய் இருந்தார். படுக்க வைத்தால் துடித்தார், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கினார். ரத்தப் பரிசோதனை வந்ததும் சார் கணைய வீக்கம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த வலியோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குடிகாரர்கள். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. கேஸ் ஷீட்டில் குடிப்பழக்கம் என்ற இடத்துக்கு வரும்போது, உண்டா இல்லையா என்று கேட்கவே மாட்டேன். அன்றைக்கும் வார்டு முழுக்கக் கேட்கிற குரலில், "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க? பொய் சொன்னா மருந்து வேலை செய்யாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

பக்கத்தில் அவருடைய மனைவி நின்றிருந்தார். கையில் ஒரு செம்பு. செம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, கேன் தண்ணீரை அதில் ஊற்றி வடிகட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன், கண் இருந்தும் குருடி! அந்தம்மா செம்பைக் கீழே வைத்தார்.

"இன்னா சிஸ்டர் இப்படிக் கேக்குறீங்க? நாங்க நயினாருங்க. பொழுது சாஞ்சா பச்சத் தண்ணிகூட வாயில வைக்கமாட்டாரு. குடிக்கிற தண்ணியில ஒரு பூச்சி செத்துடக் கூடாதுன்னு வடிகட்டிக் குடிக்கிறவரு. அவரப் போயி..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை நயினார் என்பது வழக்கம். செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றுப் பாறையில் இருபத்துநாலு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய காலத்திலிருந்து இங்கேயே பயிர் வைத்து, வியாபாரம் செய்து, நம் தமிழையே பேசி வாழ்கிறவர்கள். சூரியன் இறங்கினால் சாப்பாடு இல்லை. கறி, முட்டை, கள், சாராயம் எதுவும் கிடையாது. எனக்கு இதெல்லாம் தெரியும். என்னோடு படித்தவளே ஒரு நயினார் வீட்டுப் பெண். தெரிந்தும் என் வாய் முந்திக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். எனக்குத் தரையில் கால் கூசியது. ஆனால் அந்த நயினார், அந்த வலியிலும், மனைவியைப் பார்த்துக் கையை மெல்ல ஆட்டி, "வுடு. அவங்களுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றார். வலியில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள் உண்டு, எட்டி உதைத்தவர்கள் உண்டு. எனக்காகப் பாவம் பார்த்தவர் இவர் ஒருத்தர்தான்.

ஒன்பது நாளில் வீக்கம் அடங்கியது. சார் எல்லாக் காரணத்தையும் தேடிப் பார்த்தார். பித்தப்பையில் கல் இல்லை, ரத்தத்தில் கொழுப்பு சரியாக இருந்தது, குடி இல்லவே இல்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அம்பது தாண்டின ஆளுக்குக் காரணமே இல்லாம கணையம் வீங்கினா, காரணம் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கலாம். ஒரு சின்னக் கட்டி குழாயை அடைச்சாலும் இப்படித்தான் வரும். வீக்கத்துல இப்ப ஸ்கேன் எடுத்தா தெளிவாத் தெரியாது. ஆறு வாரம் போகட்டும், பாண்டியில சிடி ஸ்கேன் எடுத்துடணும். இவரை விட்டுடாதீங்க, உங்க பொறுப்பு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வருஷக்கணக்காக வீங்கி வீங்கி வற்றிப்போன கணையத்தில் பின்னால் புற்று வருவது உண்டு. புற்று முதலில் வந்து, அதனால் கணையம் வீங்குவதும் உண்டு. கணையம் வீங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே வருவதில்லை, அதனால் யாரையும் பயமுறுத்திவிடாதீர்கள். ஆனால் ஏன் வீங்கியது என்பதற்குப் பதில் கிடைக்காதபோது, வலி போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாகிவிடக் கூடாது.

ஆறு வாரம் ஆயிற்று, புரட்டாசி பிறந்துவிட்டது. நான் போன் போட்டேன். நயினார் வந்தார். எங்கள் வழக்கப்படி முதலில் எடை பார்த்துக் கார்டில் எழுத வேண்டும், பிறகு சுகருக்கு ரத்தம், பிறகு சார். ஆடியில் அறுபத்திரண்டு கிலோ இருந்தவர் ஐம்பத்தைந்தாக இறங்கியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து சுற்றியது.

ஏன் இளைத்தீர்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆடியில் பட்ட அவமானம் ஞாபகம் வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அந்தக் கதை. இந்த முறை மரியாதையாக இருக்க வேண்டும், அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவர்களுக்கு அந்தச் சமயத்தில் பத்து நாள் நோன்பு வரும் என்று என் சிநேகிதி சொல்லியிருக்கிறாள். குரலைத் தாழ்த்தி, "நோன்பா நயினாரே?" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

எடை ஐம்பத்தைந்து, அதற்குப் பக்கத்தில் நோன்பு என்று எழுதினேன். அவ்வளவு பவ்யமாக எழுதினேன், போங்கள்! அன்றைக்கு சாருக்கு வெளி நோயாளிகள் வாசல்வரை நின்றார்கள். கார்டைப் பார்த்தார், நோன்பு என்றிருந்தது, "சரி, நோன்பு முடிஞ்சதும் உடம்பு தேறட்டும், பதினஞ்சு நாள் கழிச்சு சிடிக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் எழுதிய ஒரு வார்த்தை அவர் கண்ணைக் கட்டிவிட்டது.

நயினார் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். லேபிலிருந்து சுகர் சீட்டு வந்தது. வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. ஆடியில் சுகரே இல்லாத மனிதர். பட்டினி கிடக்கிறவருக்கு சுகர் ஏன் ஏற வேண்டும் என்று நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அஞ்சலை வந்து மேஜையைத் துடைத்தாள். அஞ்சலை எங்கள் ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்கிறவள், நயினாரின் ஊர்க்காரி.

"இன்னாக்கா முழிச்சிகினு நிக்குற?"

"நோன்பு இருக்கிற ஆளுக்கு சுகர் ஏறியிருக்குடி."

"யாரு, அந்த நயினாரா? அவங்களுக்கு நோன்பு முடிஞ்சி எட்டு நாளாவுது. எங்க ஊர் கோயில்ல பூச வச்சி, எங்க தெருவுக்குக்கூட பொங்கல் குடுத்தாங்களே. இப்ப ஏது நோன்பு?"

நயினாரின் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய ஆள், காரணம் தெரியாத கணைய வீக்கம், ஏழு கிலோ இளைப்பு, திடீர் சுகர். நாலும் ஒரே கார்டில் இருந்தது. அதன்மேல் நான் நோன்பு என்று மூடி போட்டு வைத்திருந்தேன். சார் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, "சார், அது நோன்பு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஐம்பத்தேழு வயதில் யூனிபார்மோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பூக்காரியிலிருந்து பழக்கடைவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அனந்தபுரம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. பின் வாசலைத் தட்டி ஏறிவிட்டேன். நயினார் ஜன்னலோரம் மஞ்சள் பையை மடியில் வைத்து, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குனிதலை நான் ஆடியிலேயே பார்த்திருக்கிறேன்.

"சிஸ்டர், எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

"போற வரைக்கும் போவேன். நீ போய் முன்னாடி டிக்கெட் போடு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை கத்தவில்லை. மற்றவர் காதில் விழாமல், "நோன்பு முடிஞ்சு எட்டு நாளாச்சாமே நயினாரே. ஏன் சாப்பிடறதில்ல?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "சாப்ட்டா மேல்வயித்துலேர்ந்து முதுகுக்கு இழுக்குது சிஸ்டர். சாப்புடாம இருந்தா அவ்வளவா இல்ல. வூட்டுல தட்டு வச்சாங்கன்னா, நோன்ப நீட்டிக்கினு இருக்கேன்னு சொல்லிடுவேன். நோன்புன்னா எங்க வூட்டுல யாரும் வற்புறுத்த மாட்டாங்க. பையன் இப்பதான் கடன ஒடன வாங்கி நெலத்துல போர் போட்டான். அவனுக்கு எதுக்கு இன்னொரு டென்ஷன்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான சிஸ்டர் நோன்பான்னு கேட்டீங்க? ஆமான்னேன். அது எனக்கு வசதியா இருந்துச்சு."

அடுத்த ஸ்டாப்பிங்கில் அவரை இறக்கினேன். ஊர் எல்லை, வெயில், ஒரு புளியமரம். திரும்பிப் பார்த்தால் கோட்டை மலை மூன்றும் தெரிந்தது. செஞ்சிக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றோம். எனக்கு மனசு தாங்கவில்லை. "ஆடி மாசம் உங்களைக் குடிக்கிறீங்களான்னு கேட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அது எப்பவோ முடிஞ்சி போச்சு. நோன்பு முடியற அன்னிக்கு எல்லா உசுருகிட்டயும் மன்னிப்பு கேப்போம், எல்லா உசுரையும் மன்னிப்போம். எறும்பு, பூச்சி, மனுசன் எல்லாம் அதுல சேத்தி. நீங்களும் அதுல வந்துட்டீங்க."

எறும்போடு என்னையும் சேர்த்து மன்னித்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாளே பாண்டியில் சிடி எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி. மல்லாட்டைப் பருப்பை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். புற்று. சாறு போகிற குழாயை ஒட்டி உட்கார்ந்திருந்தது. வேறெங்கும் பரவவில்லை, உடனே எடுத்துவிடலாம் என்றார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவரைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கணையத்தில் ஒரு பகுதி, குடலில் ஒரு பகுதி, பித்தப்பை எல்லாம் எடுத்து, மிச்சத்தை ஒன்றோடொன்று கோத்துத் தைத்திருந்தார்கள். மனிதக் கை இதையும் செய்கிறதே என்று இருந்தது எனக்கு.

ஆபரேஷன் செய்த டாக்டர் எங்கள் சாரிடம் போனில் பேசியதை சார் எனக்குச் சொன்னார். அந்தக் கட்டி குழாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி முளைத்திருந்தால் ஆடியில் வலியே வந்திருக்காது. சத்தமில்லாமல் வளர்ந்து, தெரியவரும்போது கையை மீறிப்போயிருக்கும். குழாயை அடைத்ததால் கணையம் வீங்கியது, வீங்கியதால் வலித்தது, வலித்ததால் வந்தார். நாங்கள் நோய் என்று நினைத்து அடக்கிய வலி, உண்மையில் முன்னால் ஓடி வந்து கதவைத் தட்டிய ஆள். அந்த ஆளைத்தான் நோன்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தேன். இன்னொரு பதினைந்து நாள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சாரும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. "நானும் கேட்டிருக்கணும் சிஸ்டர்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்ல பெயரோடு ரிடையராகியிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து நயினார் பாண்டியில் கொடுத்த மருந்துப் பையோடு வந்தார். எடை நாற்பத்தாறு. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை, எண்ணெய் எண்ணெயாக அப்படியே வெளியே போனது. மிச்சமிருந்த கணையத்துக்குச் சாறு ஊற வலுவில்லை. அதற்காக ஒவ்வொரு சாப்பாட்டோடும் போட ஒரு கேப்சூல் கொடுத்திருந்தார்கள். அது உள்ளே போனால்தான் சோறு கரையும், எடை ஏறும். எடை ஏறினால்தான் அடுத்து புற்றுக்கான ஊசி மருந்தைத் தாங்குவார். ஊருக்கு வந்த இரண்டு நாளில் புட்டி இன்னும் பிரிக்காமல் இருந்தது, சாப்பாடே இறங்கவில்லை என்று இங்கே வந்துவிட்டார்கள்.

நான் புட்டியைப் பிரித்து, கூட இருந்த சீட்டை வழக்கம்போலப் படித்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது.

சீட்டை மடித்து சாரிடம் கொண்டுபோனேன். "தெரியும் சிஸ்டர்" என்றார். "பூஞ்சையிலேர்ந்து எடுக்கிறது ஒண்ணு இருக்கு, இப்ப இருக்கிற நிலைமைக்கு அது பத்தாதுன்னு பாண்டியில சொல்லிட்டாங்க. ஒவ்வொரு மாத்திரையிலும் என்ன இருக்குன்னு சொல்லிட்டா இருக்கோம்? பேசாம குடுங்க. உயிர் முக்கியம்."

அவர் சொன்னதில் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. திரும்பி வந்தேன். நயினார் கேப்சூலை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் அது எதில் செய்தது என்று கேட்டு வாங்குகிறவர். என்னிடமும் கேட்டார்.

"இது எதுல பண்ணுது சிஸ்டர்?"

தெரியாது என்று சொல்லலாம். மருந்துதான் என்று சொல்லலாம். ஆடியில் கேட்காமல் பேசினேன். புரட்டாசியில் பேசக் கூசிக் கேட்காமல் விட்டேன். இப்போது அவர் கேட்கிறார். பொய் சொன்னால் பிழைப்பார், உண்மை சொன்னால் ஒருவேளை பிழைக்க மாட்டார். எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை, தங்கச்சிகளே. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"பன்னியோட கணையத்துலேர்ந்து எடுக்கிறது நயினாரே. இது இல்லாம நீங்க சாப்பிடறது செரிக்காது. பூஞ்சையில ஒண்ணு இருக்குதாம், அது உங்களுக்குப் பத்தாதாம்."

"பூஞ்சைக்கும் உசுரு இருக்குது" என்றார், சும்மா. பிறகு கேப்சூலை விரலால் உருட்டிப் பார்த்து, "பன்னிக்கும் இந்த உறுப்பு இருக்குதா? எனக்கு இருந்தாப்லயே?" என்று கேட்டார்.

"ஆமா. அதே இடத்துல, அதே வேலை."

கேப்சூலைப் புட்டிக்குள் போட்டு மூடினார். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் மனைவி வாசலில் என் கையைப் பிடித்து உலுக்கினார். "ஏன் சிஸ்டர் சொன்னீங்க? தெரியாம முழுங்கியிருந்தா பாவமே இல்லியே! இனிமே அவரு தொடமாட்டாரு. நீங்களே காப்பாத்துனீங்க, நீங்களே..." என்று அழுதார். சார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் போயிற்று. இரண்டு, மூன்று நாள். போன் எடுக்கவில்லை. அஞ்சலையிடம் தினமும் கேட்டேன். "கஞ்சித் தண்ணி மட்டும் குடிக்கிறாராம்க்கா. கோயில்லயே ஒக்காந்துகினு இருக்காரு" என்றாள். நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஏன் சொன்னோம் என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நாலாம் நாள் காலை அவரே வந்தார். மனைவி கையில் அதே செம்பு, அதே வெள்ளைத் துணி. என் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"திருநாதர்குன்றுல ஒருத்தரு அம்பத்தேழு நாள் பட்டினி இருந்து உசுர வுட்டாருன்னு பாறையில எழுதியிருக்குது, தெரியுமா சிஸ்டர்? நானும் அப்படிப் போயிடலாம்னு பாத்தேன். அந்த நெனப்பு ரொம்ப சுலுவா இருந்துச்சு. அதான் பயம் வந்துடுச்சு. அவரு எல்லாத்தையும் ஜெயிச்சிட்டு ஒக்காந்தவரு. நான் வலிக்குப் பயந்து ஒக்காந்தா அது பட்டினியா, ஓட்டமா? போர் போட்ட பையன வுட்டுட்டு எங்க ஓடுறது?" கேப்சூலை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "அது செத்துதான் இது வந்துருக்குது. நான் முழுங்கலன்னாலும் அது திரும்பி வராது. ஆனா நான் முழுங்கறதுனாலதான் இன்னொண்ணு சாவுது. ரெண்டையும் தெரிஞ்சிதான் முழுங்கறேன். தெரியாம முழுங்கியிருந்தா அதுகிட்ட மன்னிப்பு கேட்டிருக்க முடியாதே சிஸ்டர்."

கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. வார்டில் ஸ்டூலை இழுத்துக்கொண்டிருந்த அஞ்சலைகூட அப்படியே நின்றாள். வெகு நேரம் ஆயிற்று. ஒரு பன்றியிடம், அது எந்த ஊர்ப் பன்றியோ, எப்போது செத்ததோ, அதனிடம் ஒரு மனிதர் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வடிகட்டிய தண்ணீரில் முழுங்கினார். கண்ணோரம் நீர் இறங்கியது. முழுங்கிவிட்டு ஒரு இட்லி சாப்பிட்டார், நிதானமாக, வலிக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி. நான் எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன், அன்றைக்கு அந்த மேஜை முன்னால் நின்றது போல எங்கேயும் நின்றதில்லை.

அன்றிலிருந்து அவர் காபியை விட்டுவிட்டார். காபி என்றால் அவருக்கு உயிர். அந்தப் பன்றியின் உயிருக்கு ஈடாக ஏதாவது விட வேண்டும் என்று தோன்றியதாம். நானும் சாரும் சேர்ந்து ஒரு சாப்பாட்டு அட்டவணை போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிட வேண்டும், ஆறும் சூரியன் இறங்குவதற்குள் முடிய வேண்டும். சார் இரவு ஒரு வேளை வைக்கலாமே என்று ஆரம்பித்தார், நான் முறைத்தேன், விட்டுவிட்டார். எடை மெல்ல ஏறியது. ஊசி மருந்தைத் தாங்கினார். எல்லோருக்கும் இப்படி அமையாது. இதே கட்டியோடு வந்து போய்ச் சேர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இவரும் இன்னும் பாண்டிக்குச் செக்கப்புக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

நான் ரிடையரான மாதம், அடுத்த வருஷத்துப் பத்து நாள் நோன்பின் நடுவே, ஒரு பகல் ஒரு மணிக்கு நயினார் வந்தார். கையில் டிபன் பாக்ஸ். கேப்சூலை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார், முழுங்கினார், பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார். பிறகு எடை மிஷினில் ஏறினார். ஐம்பத்தொன்று.

கார்டை எடுத்தேன். பழைய பக்கத்தில் என் கையெழுத்தில் அந்த வார்த்தை அப்படியே இருந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். "வீட்டுல எல்லாரும் பட்டினியா நயினாரே?"

"ஆமா சிஸ்டர். எங்க வூட்டுக்காரி, பையன், மருமவ எல்லாரும். எனக்கு மட்டும் ஆறு வேளை தட்டு வைக்கிறாங்க. நாப்பது வருஷமா வுடாத நோன்பு. இந்தப் பத்து நாளும் எல்லாரும் பாக்க ஒக்காந்து சாப்புடறேன் பாருங்க, பட்டினியெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் சாப்புடறதுதான் எனக்கு நோன்பு."

"அப்படியே எழுதிடட்டுமா?"

"எழுதுங்க" என்றார்.

எடை ஐம்பத்தொன்று, நோன்பு என்று எழுதினேன். இந்த முறை கேட்டுவிட்டு எழுதினேன்.